பதினொன்றைத் தாண்டாத பெட்டி

திரையில் பதினொன்று என்று காட்டியது. நேற்றும் பதினொன்று, போன மாதமும் பதினொன்று. நொடிக்கு நூறு எம்பியாவது ஓட வேண்டிய பெட்டி, முளையில் கட்டிய ஆடு மாதிரி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஞானஜோதி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். திட்டக்கூடத் தெம்பில்லை.

வண்டிப்பெரியார் தேயிலை எஸ்டேட்டில், ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள் அவள். கொழுந்து எடுத்து முதுகு போன பிறகு கற்றுக்கொண்ட வேலை. குமுளியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஷைஜு படம் பிடித்து அனுப்புவான், இவள் வெட்டி ஒட்டிக் கொடுப்பாள். எல்லாம் ஹார்டு டிஸ்க் போட்ட ஒரு பெட்டியில் கிடக்கும். பெட்டி இருந்தது அடுக்களைப் பரணில், அடுப்புக்கு நேர் மேலே. இந்த ஊர் மழைக்கு லென்ஸிலேயே பூஞ்சை பிடிக்கும். முன்னால் வைத்திருந்த பெட்டி ஈரத்தில்தான் போய்ச் சேர்ந்தது. இது அடுப்புச் சூட்டில் பிழைத்துக் கிடந்தது. முன்னறை ரவுட்டரிலிருந்து அதற்குக் கூரையை ஒட்டி ஒரு வயர் ஓடியது.

காலையில் ஷைஜு கூப்பிட்டிருந்தான். "சேச்சி, இந்தக் கல்யாணமும் லேட்டானா நான் வேற ஆளைப் பாத்துக்குவேன். மத்தியானப் பஸ்ல டிஸ்க் வந்தாகணும்." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னான். பதினொன்றில் போனால் பெட்டியிலிருந்து டிஸ்க்கில் ஏற்றி முடிக்க ராத்திரியாகிவிடும்.

அவள் செய்யாத வைத்தியமில்லை. ரவுட்டரை மாற்றினாள், டிஸ்க்கை மாற்றினாள், யூடியூபில் ஒரு மலையாளி சொன்னபடி பெட்டியின் செட்டிங் அத்தனையும் தலைகீழாக்கிப் பார்த்தாள். வயரை மட்டும் தொடவில்லை. அது அவள் புருஷன் மத்தியாஸ் இழுத்தது. கேபிள் டிவிக்கு வயர் இழுத்தே வளர்ந்த மனுஷன், அவன் இழுத்ததில் கோளாறு இருக்குமா? ரவுட்டரில் இரண்டு முனை செருகியிருப்பதைப் பார்த்தபோதும் ஒன்று டிவிக்கு என்றுதான் நினைத்தாள்.

வேறு வழியில்லாமல் இன்றைக்கு ஸ்டூல் போட்டு ஏறினாள். பெட்டியின் பின்னால் பச்சை எரிய வேண்டிய இடத்தில் மஞ்சள் எரிந்தது. வயரைப் பிடித்து இழுத்தாள். பரண் மூலையில் அதன் மேலுறை உரிக்கப்பட்டுக் கிடந்தது. உள்ளே இருக்கிற எட்டு இழையில் நாலு பெட்டிக்கு வந்தது. மிச்ச நாலும் தனி வயராகிச் சுவரில் ஒரு ஓட்டைக்குள் நுழைந்து பக்கத்து வீட்டுக்குப் போனது.

எட்டும் சேர்ந்தால்தான் நூறு ஓடும். நாலை வைத்துக்கொண்டு முக்கி முனகினாலும் பதினொன்றுதான்.

பக்கத்து வீடு அருள்மேரியுடையது. அவளுடைய கோழி இவளுடைய அவரைப் பந்தலைக் கிளறியதில் தொடங்கிய சண்டை. இரண்டு வருஷமாய்ப் பேச்சுவார்த்தை இல்லை. மாதா கோவிலில்கூட ஒருத்தி இந்தக் கடைசி பெஞ்சு, ஒருத்தி அந்தக் கடைசி பெஞ்சு. சண்டை போட்ட அன்றே ஞானஜோதி வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் பெரிய வெற்றி பெற்றவள்போல் டீ குடித்தாள். வயர் பாட்டுக்கு அவள் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

கட்டிங் பிளேயரை எடுத்தாள். இத்தனை நாள் போன தூக்கம் மொத்தமும் அந்த ஓட்டைக்குள் போய்விழுந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"அக்கா, வெட்டிறாதீங்க."

அடுக்களை வாசலில் அருள்மேரி நின்றாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"வயரு ஆடி நெட்டு போயிருச்சு. நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. எம்பொண்ணு ஜிஸ்மிக்கு அடுத்த வாரம் ஜெர்மன் பரீச்சைக்கா. பாஸானாத்தான் அங்க நர்ஸ் வேலைக்கு எடுப்பாங்க."

"அவருதான் இழுத்துக் குடுத்தாரா?"

"ஆமாக்கா. கொரோனாவுல, புள்ள பிளஸ்டூ படிக்கையில. சண்டையானப்ப அண்ணன் கழட்டிருவாருன்னு நெனச்சோம். கழட்டலை. நாங்களும் வாயத் தொறக்கலை." அருள்மேரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆனா சும்மா அனுபவிக்கலைக்கா. உங்க முன்ரூமுல கம்ப்யூட்டர் வெளிச்சம் தெரிஞ்சா உடனே நெட்டை ஆஃப் பண்ணிருவோம். ஸ்லோ ஸ்லோன்னு நீங்க கத்துறது இந்தப் பக்கம் கேக்கும்ல? கிளாஸ் பாதியில இருந்தாலும் ஆஃப் பண்ணிருவா. அப்படி நெறைய கிளாஸ் போயித்தான் போன தடவை ஃபெயிலாயிட்டா. இன்னிக்கு மாதிரிப் பரீச்சை. அதனாலதான் ஆஃப் பண்ணலை."

ஞானஜோதி அந்த நாலு இழையை மறுபடி பார்த்தாள். அவர்கள் ஆஃப் பண்ணினாலும் பதினொன்று, பண்ணாவிட்டாலும் பதினொன்று. இழை பிரித்தபோதே வேகம் போய்விட்டது. அந்தப் பெண் விட்ட வகுப்பில் ஒரு நிமிஷம்கூட இவளுக்கு வந்து சேரவில்லை.

பிளேயரைப் பரணில் வைத்தாள். ஆடிப்போன முனையைச் சரியாக அழுத்திவிட்டாள். "இப்ப வருதான்னு கேளு."

அருள்மேரி சுவரைத் தட்டிக் கேட்டாள். வருகிறது என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"இனிமே ஆஃப் பண்ண வேண்டாம். நான் விடிய விடிய உக்காந்திருந்தாலும் பண்ண வேண்டாம்னு சொல்லு. இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பிடி."

இரண்டு பேருமாய்ப் பெட்டியை இறக்கி முன்னறைக்குக் கொண்டு வந்தார்கள். ஈரமாவது ஒன்றாவது, இன்றைக்கு ஒரு நாள் தாங்கட்டும். புது ரவுட்டரோடு வந்த குட்டை வயரை எடுத்து ஞானஜோதி பெட்டியை நேராக ரவுட்டரில் செருகினாள். பச்சை எரிந்தது. திரையில் எண் நூற்றுப்பத்தில் போய் நின்றது. மத்தியானப் பஸ் கிடைத்துவிடும். சந்தோஷப்பட வேண்டிய நேரம், அவளுக்கு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

அருள்மேரி போகாமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் தெளிந்திருந்தது.

"எம்மா, என்னா வேகம்! நாங்க ஆஃப் பண்ணப்பெல்லாம் உங்களுக்கு இப்படித்தான் ஓடுச்சாக்கா?"

ஞானஜோதி திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமா அருள்மேரி," என்றாள். "நல்லா ஓடுச்சு."