கப்பலேறப் போகும் வண்டி

கண்ணுச்சாமி தார்ப்பாயை இழுத்ததும் அதன் மேலிருந்த புறா எச்சமும் தூசியும் சேர்ந்து அவர் முகத்தில் கொட்டின. தும்மி அடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பஞ்சுக் கிட்டங்கியின் கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் கார் சிவப்பாக நின்றது. ராஜபாளையத்தில் இந்த மில் மூடி நாலு வருஷமாகிவிட்டது. பொதிகள் இருந்த இடத்தில் இப்போது புறாக்கள்தான். ஒரு காலத்தில் மில் வேனை ஓட்டிய கண்ணுச்சாமி இங்கே வாட்ச்மேனாக இருக்கிறார். போன வாரம் மதுரையிலிருந்து மெக்கானிக் வந்து புது பேட்டரி மாட்டி, டேங்கைக் கழுவி, என்ஜினை உறும வைத்துவிட்டுப் போயிருந்தான். இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்ட வேண்டும். அங்கே காகிதம் கிடைத்துவிட்டால் தூத்துக்குடியில் கப்பலேற்றிவிடலாம்.

கப்பலேற்றுவது முதலாளி நவநீதகிருஷ்ணனின் மகன் சூர்யபிரகாஷின் யோசனை. அவன் இங்கிலாந்துக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த மாதிரிப் பழைய வேகக் கார்களுக்கு அங்கே பைத்தியமாக அலைகிறவர்கள் இருக்கிறார்கள், இந்த ரகத்தில் மிச்சமிருப்பதே கொஞ்சம்தான், ஸ்டியரிங்கூட அங்கேயும் நம்மைப்போல வலப்பக்கம்தான் என்று மூன்று மாதமாகப் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். முதலாளிக்கு மனசில்லை. "ஏமிரா இதி? என்னடா இது? கப்பல் கூலி, சுங்கம், அங்க போயி ஒரு சோதனை, ஏஜெண்டு கமிஷன். எல்லாம் போக என்னடா மிஞ்சும்? இங்கனயே எவனுக்காச்சும் குடுத்துத் தலைமுழுகிருவோம்" என்று மகனிடம் அவர் சொன்னது கண்ணுச்சாமியின் காதிலும் விழுந்தது.

தூத்துக்குடி ஏஜெண்ட் வந்து பார்த்த அன்று, வண்டியைச் சுற்றி வந்து முன்பக்க பானெட்டை விரல் முட்டியால் தட்டினான். "இது பொறவு மாத்துனது. ஆள அடிச்ச வண்டின்னு தெரிஞ்சா அங்க ஒருத்தனும் தொடமாட்டான். தெரியலைன்னா, அனுப்புறதுல அர்த்தம் இருக்கு சார்." முதலாளி அன்றைக்கே அனுப்பச் சம்மதித்தார். கண்ணுச்சாமி கிட்டங்கிச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடிபட்டுச் செத்தவர் வன்னியம்பட்டி சங்கையா. விடியக் காலையில் பால் கேனோடு சைக்கிளில் ரோட்டைக் கடந்தவர். மில் டிரைவர் கண்ணுச்சாமி கண்ணசந்து ஓட்டி அடித்துவிட்டார் என்பது ஊர் அறிந்த கதை. கோர்ட்டிலும் அவர் அதைத்தான் ஒப்புக்கொண்டார். ஆறு மாதம் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்தார். ஓட்டியது சூர்யபிரகாஷ். வண்டி நொறுங்கி நின்ற அரை மணி நேரத்தில் முதலாளி கண்ணுச்சாமியின் வீட்டு வாசலில் நின்றார். பழியை ஏற்றுக்கொள்ளச் சொல்லி அவர் கேட்டதும் கண்ணுச்சாமி தலையாட்டியதும் கண்ணுச்சாமியின் மனைவி மாடத்திக்கு மட்டும் தெரியும். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகள் மாரிச்செல்விக்குத் தெரியாது.

அவர் ஜெயிலில் இருந்தபோதே மாரிச்செல்வி ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வன்னியம்பட்டிக்குப் போய், சங்கையாவின் மனைவி பாண்டிசெல்வியின் காலில் விழுந்தாள். அந்த அம்மாள் முதல்நாள் வாரியலை எடுத்து விரட்டினாள். மாரிச்செல்வி மறுபடியும் போனாள். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். லீவு நாளில் பாண்டிசெல்விக்குப் பிரஷர் பார்த்து, மாத்திரை வாங்கிக் கொடுத்து, சில சமயம் அங்கேயே சாப்பிட்டும் வருகிறாள். பெண் பார்க்க வந்த இரண்டு இடமும் அப்பன் கதையைக் கேட்டுத் திரும்பிப் போயின. அதற்காக அவள் ஒரு சொல் சொன்னதில்லை. அவள் வன்னியம்பட்டிக்குப் போய்வரும் நாட்களில் கண்ணுச்சாமிக்குச் சோறு இறங்காது.

"யப்பா."

கிட்டங்கி வாசலில் மாரிச்செல்வி நின்றாள். டூட்டிக்குப் போகிற உடையில் இருந்தாள்.

"ஏட்டி, நீ எங்க இங்க வந்த?"

"அம்மா சொன்னா. அந்த வண்டிய நீங்கதான் எடுத்துட்டுப் போறீகன்னு. ஒத்தையில போவாதீக. கை நடுங்கும். நானும் பக்கத்துல இருக்கேன்."

வேண்டாம் என்று சொல்ல அவர் வாய் திறப்பதற்குள் அவள் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள்.

வண்டி சுவரைப் பார்த்து நின்றது. பின்னால் எடுத்தால்தான் வெளியே கொண்டுவர முடியும். கண்ணுச்சாமி சாவியைத் திருப்பினார். கிட்டங்கியே அதிர்ந்தது. புறாக்கள் சடசடவென்று எழுந்தன. கிளச்சை மிதித்துக் கியரைத் தள்ளினார். வண்டி முன்னால் துள்ளிச் சுவருக்கு ஒரு சாண் விட்டு நின்றது. கியர் கம்பியை அமுக்கினார், இடக்கைப் பக்கம் ஒடித்தார், மேலே தள்ளினார். கரகரவென்று பல் தேய்கிற சத்தம் வந்ததே தவிர ரிவர்ஸ் விழவில்லை. பிடரியில் வேர்வை இறங்கியது. மகள் தன் கையைப் பார்க்கிறாள் என்பது திரும்பாமலே தெரிந்தது.

வெளியே முதலாளி போனை உயர்த்திப் பிடித்து, வண்டி கிளம்புவதை மகனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கேட்டு ஜன்னல் ஓரம் வந்தார். போனில் சூர்யபிரகாஷின் குரல் பெரிதாகக் கேட்டது.

"அண்ணே, ஒடச்சிராதீங்க! குமிழுக்குக் கீழ ஒரு வளையம் இருக்கும் பாருங்க, அதத் தூக்கிப் போடணும். உங்களுக்கு எப்படித் தெரியும், நான்தான் உங்கள ஒருநாள்கூட இதத் தொட விட்டதில்லையே." பேச்சோடு ஒரு சிரிப்பும் வந்தது.

முதலாளி போனை வேட்டி மடிக்குள் திணித்தார். அப்புறம்தான் காருக்குள் இன்னொரு ஆள் இருப்பதைப் பார்த்ததுபோல மாரிச்செல்வியைப் பார்த்தார். "வெயில் ஏறுது. கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு நிழலுக்குப் போனார்.

கண்ணுச்சாமி வளையத்தைத் தூக்கினார். வண்டி வெண்ணெய்போலப் பின்னால் நகர்ந்தது.

ஊர் எல்லை தாண்டினார்கள். இடப்பக்கம் மலை கூடவே வந்தது. லேசாக மிதித்தாலும் வண்டி சீறிக்கொண்டு போனது. அவர் காலை எடுத்து எடுத்து வைத்தார்.

"நீங்க இத ஓட்டுனதே இல்ல" என்றாள். அவள் குரலில் கேள்வி இல்லை.

"இல்ல தாயி."

இந்த நாளை அவர் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார். மகள் அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள், என் அப்பன் கொலைகாரன் இல்லை என்று நெஞ்சு விம்முவாள். இந்த நினைப்புதான் ஜெயிலில் அவரைத் தூங்க வைத்தது. இப்போது ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நர்சிங் பீஸ் கட்டுனது ஆரு?"

அவர் கியரை மாற்றினார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீங்கதான் அடிச்சீகன்னு நெனச்சப்ப எனக்கு உங்க மேல பரிதாபமா இருந்துச்சுப்பா. மனுசன்னா கை தவறும், கண்ணசந்துருப்பாகன்னு. வன்னியம்பட்டி அத்தைகிட்டயும் அதத்தான் சொல்லிச் சொல்லி அழுதேன். அவுகளும் கடைசியில சரின்னாக." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "இது கை தவறுனது இல்லையே."

"உனக்காகத்தான தாயி..."

"எங்கிட்ட கேட்டீகளா?"

எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி, அவர் வண்டியை மண்ணில் இறக்கி ஏற்றினார். வன்னியம்பட்டி விலக்கு வந்தது.

"நிப்பாட்டுங்க."

"ஆபீசுல நேரம் குடுத்திருக்காக..."

"நிப்பாட்டுங்கப்பா."

நிறுத்தினார். அவள் கதவை அறைந்து சாத்தாமல், மெதுவாக அழுத்தி மூடினாள். தோள்பையைச் சரிசெய்துகொண்டு ஊருக்குள் போகும் பாதையில் நடந்தாள். வேப்பமரத்தைத் தாண்டி மூன்றாவது வீடு பாண்டிசெல்வியுடையது. இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் பாதையில் கால் வைத்ததில்லை.

போய்விடலாம் என்று தோன்றியது. மிதித்தால் பத்து நிமிஷத்தில் ஆபீஸ். காகிதத்தை வாங்கிக் கொடுத்துவிட்டால் இந்த வண்டி கடல் தாண்டிப் போய்விடும். அங்கே யாரோ ஒரு துரை பானெட்டைத் தடவிப் பார்த்து மெச்சிக்கொள்வான். பைக்கில் போன இரண்டு இளவட்டங்கள் திரும்பி வந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். ஒருவன் காரோடு சேர்த்துத் தன்னைப் படம் எடுத்துக்கொண்டான். மற்றவன் குனிந்து, "என்ன அண்ணாச்சி, விக்கிறதா? எம்புட்டுக்குப் போவும்?" என்றான்.

கண்ணுச்சாமி அவனைப் பார்த்தார். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

மூன்றாவது வீட்டிலிருந்து இரண்டு பேர் வெளியே வந்தார்கள். பாண்டிசெல்வி கையை நெற்றிக்கு மறைப்பாக வைத்து ரோட்டைப் பார்த்தாள். மாரிச்செல்வி எதுவோ சொன்னாள். பாண்டிசெல்வி அசையாமல் நின்றாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் காரை நோக்கி நடக்கத் தொடங்கினாள். மாரிச்செல்வி பின்னால் வந்தாள். அவள் ஓடி முந்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

கண்ணுச்சாமி கதவைத் திறந்தார். ஒரு கால் சுடுகிற தாரில் ஊன்றியிருந்தது. மற்றக் கால் பிரேக்கை மிதித்தபடியே இருந்தது. அதை எடுக்க அவரால் முடியவில்லை. என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.