இஸ்திரிக்கு வந்த கவர்கள்

எங்கள் ஒரகடம் ஸ்பிரிங் கம்பெனிக்கு கம்ப்யூட்டரும் லேசர் பிரிண்டரும் வந்த அன்றே என் டைப்ரைட்டருக்கு உறை போட்டு மூலையில் தள்ளிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 1991-இல் இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு மெஷினை யார் பார்த்தார்கள்? நான் டெம்பரரி டைப்பிஸ்ட். டைப்ரைட்டர் மூலைக்குப் போனால் நான் எங்கள் ஊர் படப்பைக்கு, வீட்டோடு போக வேண்டியதுதான்.

மேனேஜர் ராஜசேகர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"புது ஷெட் பூஜைக்குப் பத்திரிகை அனுப்பணும் செந்தாமரை. கவர்ல அட்ரஸெல்லாம் இதுலதான் அடிக்கணும். அடிச்சுக் காட்டினா மெஷின் உன் கையில. இல்லன்னா மெட்ராஸ்லேர்ந்து ஆள் போட்டுடுவேன்."

கவர்களை அவரே பார்த்துப் பார்த்து வாங்கி வந்திருந்தார். தடித்த, வழவழப்பான தாள். நடுவில் பிள்ளையார் புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடிப்பில் தாராளமாகப் பசை. கட்டின் மேலிருந்த கவரை எடுத்து உள்ளே விட்டேன். மெஷின் முனகியது, இழுத்தது, நின்றுவிட்டது. மூடியைத் திறந்தால் உருகிய பசை வாடையோடு மஞ்சள் வாடை.

மஞ்சள் எங்கிருந்து வந்தது? கட்டைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாக் கவரிலும் நாலு மூலைக்கும் ஈர மஞ்சள்.

"நான்தாம்மா வெச்சேன்," என்றார் ஆபீஸ் பெருக்கும் கோவிந்தம்மா. "வெள்ளிக்கெழம. நல்ல காரியத்துக்குப் போற கவரு மொட்டையாவா போவும்?"

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. மஞ்சள் இல்லாத பத்திரிகையை என் அம்மாவே கையில் வாங்க மாட்டாள்.

மெஷின் விற்ற கடையின் மெக்கானிக் வந்து கவரைத் துணுக்குத் துணுக்காகப் பிய்த்தெடுத்தார். "உள்ள சூடான உருளை இருக்கு மேடம். இஸ்திரிப் பெட்டி மாதிரி. இதுல போய் பசையும் ஈரமும் விடுவாங்களா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மெட்ராஸ் ஆளையே வரச் சொல்லிடறேன்," என்றார் மேனேஜர்.

"திங்கக்கெழம வரைக்கும் டைம் குடுங்க சார்," என்றேன்.

மறுநாள் வாலாஜாபாத் கடைத்தெருவில் இருந்த கவர்களில் வகைக்கு ஒன்று வாங்கினேன். எதிரே எல்லப்பனின் இஸ்திரி வண்டி.

"இன்னாமா, துணி எங்க?"

"துணி இல்லண்ணா. இந்தக் கவருங்கள தேச்சுக் குடுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வூட்ல எல்லாம் நல்லா கீறாங்களா?"

"நல்லாத்தான் கீறாங்க. நீங்க தேய்ங்க."

வழவழப்புக் கவர் கொப்புளித்தது. பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தது சுருங்கிப்போனது. பழுப்புக் கவர் தானாகவே வாயை ஒட்டிக்கொண்டது. கடைசியில் இருந்ததிலேயே மலிவான வெள்ளைக் கவர். மெல்லிசுத் தாள், மடிப்பில் பசையே இல்லை. பெட்டிக்குக் கீழிருந்து அலுங்காமல் வெளியே வந்தது. பத்திரிகைக் கவரை ஒட்டவா போகிறோம், மடித்துச் செருகினால் போதும்.

"இது சமத்து," என்றார் எல்லப்பன், அவரே பெற்ற பிள்ளையைப் போல.

திங்கட்கிழமை அந்த வெள்ளைக் கவரிலேயே ஒரு கட்டு வாங்கிப் போய் மெஷினில் வைத்தேன். மேனேஜர் என் பின்னால் வந்து நின்றார். "ஏதாவது ஒரு பேரு போட்டுப் பாரு."

என் விரலுக்கு என்ன வந்ததோ, என் பெயரை அடித்து, அதன் கீழே கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்றும் அடித்துவிட்டேன். கவர் சூடாக, எழுத்து கலையாமல் வந்தது. அவர் வாசித்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கொழுப்புடி உனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டு மீதிக் கவர்களை அடித்தேன். பக்கத்தில் மஞ்சள் கிண்ணத்தோடு கோவிந்தம்மா.

"இப்ப வெக்கலாமா?"

"அடிச்சு முடிச்சதுக்கு மட்டும் வைங்கக்கா."

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டு அதே கவரை நீட்டினார். இப்போது உள்ளே ஏதோ இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள், கோணல்மாணலாக. கோவிந்தம்மா ஒருநாளும் அப்படி வைக்க மாட்டார். மேனேஜரின் கட்டைவிரலைப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடு," என்று சொல்லிவிட்டு ஃபைலுக்குள் குனிந்துகொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கவரைக் கிழிக்க வேண்டியிருக்கவில்லை. பசை இல்லாத கவர், தொட்டதும் திறந்துகொண்டது.