புகையில் கிடந்த கல்யாணம்

அந்தக் கல்யாணத்தை வீடியோ எடுத்தது நான்தானா என்று எனக்கு இன்றும் உறுதியில்லை. இருபது வருடங்களுக்கு முன் கொல்லிமலையில் நான் எடுக்காத கல்யாணம் குறைவு. மணப்பெண்களின் முகங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. சிடியின் மேலிருந்த கையெழுத்து மட்டும் என்னுடையது: காளியண்ணன் – பொன்னாயி, 2005.

பொன்னாயி அதைத் துணியில் முடிந்துகொண்டு மலையிறங்கி, காரவள்ளியில் உள்ள என் ஸ்டுடியோவுக்கு வந்தாள். காளியண்ணன் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அண்ணன் அவளுக்குத் தாலியே கட்டவில்லை என்கிறான் கொழுந்தன் சென்றாயன். கல்யாணம் பதிவாகவில்லை. ரேஷன் கார்டில் அவள் பெயர் கடைசிவரை அப்பன் வீட்டிலேயே இருந்தது. சொந்தங்கள் சென்றாயன் பக்கம். புதன்கிழமை தாலுகா ஆபீசில் விசாரணை. சிடி ஓடாவிட்டால் வீடும் மிளகுக்காடும் போய்விடும்.

முடிச்சை அவிழ்த்ததும் புகை நாறியது.

"வெதைக்கு வெச்ச கேவுரு கதிரோட அடுப்புக்கு மேல கட்டித் தொங்க உட்டிருந்தனுங்க பாய். பொகைக்குப் பூச்சி அண்டாதுங்க."

"சிடிய யாராச்சும் உப்புக்கண்டம் போடுவாங்களாம்மா?"

"வெதை வருசா வருசம் முளைக்குதுங்களே. இது மட்டும் கெட்டா போயிரும்?" என்று சிரித்தாள்.

ஜன்னலருகே தூக்கிப் பிடித்தேன். வெள்ளிப் பூச்சை விளிம்பிலிருந்து செம்பழுப்பு அரித்திருந்தது. நடுவில் ஊசித்துளைகள். அவற்றின் வழியே வெயில் வந்தது.

கம்ப்யூட்டர் நெடுநேரம் முனகியது. பந்தல் வந்தது. ஒரு கை மஞ்சள் கயிற்றை எடுத்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. பெண்ணின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிறம்.

"அது நாந்தானுங்க."

மறுபடி ஓட்டினேன். இம்முறை பந்தல்கூட வரவில்லை.

என் பிரதியைத் தேடி அலமாரியைத் திறந்தேன். அங்கே புகை இல்லை, ஈரமும் இல்லை. உறையிலிருந்து உருவியதும் பூச்சு செதிலாக உரிந்து மடியில் விழுந்தது. பக்கத்துச் சிடிகளையும் எடுத்துப் பார்த்தேன். நானூறு கல்யாணங்கள். எதன் விளிம்பும் தப்பவில்லை.

பொன்னாயி சிடியை வாங்கி மறுபடி துணியில் முடிந்தாள்.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க பாய். நீங்கதான எடுத்தீங்க?"

புதன்கிழமை போனேன். தாலி கட்டும்போது இந்த அம்மாவைப் பார்த்தீர்களா என்று அதிகாரி கேட்டார். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. உண்மை எது என்பதும் தெரியவில்லை.

"கையெழுத்து என்னுதுங்க. முகம் ஞாபகமில்லீங்க."

பொன்னாயி என்னைத் திட்டவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள்.

வீடும் மிளகுக்காடும் சென்றாயனுக்குப் போயின. பொன்னாயி மலைமேலேயே குண்டூர் நாட்டில் தம்பி வீட்டில் இருக்கிறாள். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் வேலைக்குப் போகிறாள். மற்ற கல்யாணக்காரர்கள் யாரும் இன்னும் சிடி கேட்டு வரவில்லை. நான் ஸ்டுடியோவை மூடிவிட்டு நாமக்கல்லில் மகள் ஜொஹ்ராவோடு இருக்கிறேன்.