இரண்டாம் பக்கத்துப் பைரவி

சங்கீதம் தெரிந்தவர்கள் மேல் எனக்கு ஒரு காலத்தில் பயம் இருந்தது. அவர்களுடைய கேசட்டுகளை முழுசாகக் கேட்டவன் இந்த மதுரையில் நான் ஒருவன்தான் என்று தெரிந்ததும் அந்தப் பயம் போய்விட்டது.

என் பெயர் சிவனாண்டி. சிம்மக்கல்லில் ஆம்ப்ளிஃபயர், மைக்செட் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியும் கொடுப்பேன். இந்த வேலையில் குறுக்கு வழி கிடையாது. தொண்ணூறு நிமிடக் கேசட் தொண்ணூறு நிமிடமும் ஓடியாக வேண்டும். நடுவில் நாடா சிக்கினால் எடுத்துவிட ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் கடலையும் சோளமும் போடுகிற குடும்பத்தில் பிறந்த எனக்குத் தோடியும் பைரவியும் பிடிபட்டது இப்படித்தான். எழுந்து போக வழியில்லாமல் கேட்டுக் கேட்டு வந்த ஞானம் அது.

ஃபைல் அனுப்ப வசதியாக இருக்கும் என்று ‘இன்று கேட்டது’ என்ற வாட்ஸப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். அறுபத்திரண்டு பேர். தினமும் காலை எட்டு மணிக்குள் அவரவர் என்ன கேட்கிறார்கள் என்று போட வேண்டும். பாடியவர் யார், எந்த வருஷம், எந்த ஊர், வயலின் யார், மிருதங்கம் யார், எல்லாம் வேண்டும். யூடியூபில் கிடைப்பதைப் போட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். யாரிடமும் இல்லாத பதிவை வைத்திருப்பவர்தான் பெரிய ரசிகர். ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், கண்ணில் நீர்’ என்று ஒருத்தர் எழுதுவார். அதே நிமிடத்தில் அவர் என் கடைக்கு எதிரே டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பார். காதில் ஒன்றும் இருக்காது. கையில் கத்திரிக்காய்ப் பை இருக்கும்.

இந்தக் குழுவின் தலைவர் ராதாகிருஷ்ணன். சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர், பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடைய பெருமை எல்லாம் ஒரே ஒரு கேசட்டில் இருந்தது. வேம்பனூர் சபேச பாகவதர் 1971இல் மதுரையில் ஒரு கல்யாண வீட்டில் பாடிய கச்சேரி. முதல் பக்கம் தோடி, இரண்டாம் பக்கம் பைரவி. உலகத்தில் வேறு பிரதி இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் பூஜை முடித்துவிட்டு அதை முழுக்கக் கேட்பதாக அவர் குழுவில் எழுதுவார். கடந்த வாரம் கேட்டபோது பிடிபடாத ஒரு நுணுக்கம் இந்த வாரம் பிடிபட்டதாகவும் எழுதுவார். பிரதி கேட்டவர்களை எல்லாம் பதினைந்து வருஷம் கெஞ்ச விட்டார். போன தையில் மனசு இளகி, பட்டுத் துணியில் சுற்றிய கேசட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

முதல் பக்கம் தோடிதான். பாகவதர் பாடியிருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். பெண் குரல் வந்தது. வயலின் இல்லை, மிருதங்கம் இல்லை. ஒரு சுருதிப்பெட்டியும், தொடையில் கை தாளம் போடும் சத்தமும் மட்டும் கேட்டன. அந்தப் பெண் பைரவியைத்தான் பாடினார். அவசரமே இல்லாமல், யாருக்கும் காட்டிக்கொள்வதற்காக இல்லாமல், முப்பத்தெட்டு நிமிடம். நடுவில் குக்கர் விசில் அடித்தது, பாட்டு நிற்கவில்லை. கடைசியில் பாட்டை விட்டுவிட்டு சௌராஷ்டிர பாஷையில் ‘வித்யாஸ்ரீ’ என்று யாரையோ கூப்பிட்டு ஏதோ சொன்னார். அத்தோடு முடிந்தது. நான் ரிப்பேருக்கு வந்த ஆம்ப்ளிஃபயரைக் கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை ராதாகிருஷ்ணன் சாரின் வீட்டம்மா சூடாமணி கடைக்கு வந்தார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததில்லை. வந்ததும் சுற்றிவளைக்காமல் கேட்டார்.

“தம்பி, ரெண்டாம் பக்கம் கேட்டீங்களா?”

“கேட்டேன்மா.”

“அது நான் பாடுனது.”

தொண்ணூற்று நாலில் நடந்தது என்றார். வீட்டுக்கு வந்த சங்கீத நண்பர்கள் முன்னால், ‘இவளும் பாடுவா, ஆனா நாம கேக்குற தரம் இல்ல’ என்று கணவர் சொல்லிச் சிரித்தாராம். அந்த வாரம் அவர் பரமக்குடி பிராஞ்சுக்குப் போயிருந்தபோது, இந்த அம்மா பீரோவைத் திறந்து அந்தக் கேசட்டை எடுத்து, அதே பைரவியை அதன் மேலேயே பாடிப் பதிந்துவிட்டார். தெரியாமல் செய்யவில்லை, கோபத்தில்தான் செய்தேன் என்றார். வந்து திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று அந்த வெள்ளிக்கிழமை பயந்துகொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வெள்ளியும் நடக்கவில்லை. பயம் போய், எப்போதுதான் கேட்பார் என்று ஆசையாகிவிட்டது. முப்பது வருஷம் ஓடிவிட்டது.

நான் அந்தப் பகுதியை எடுத்துவிடவா என்று கேட்டேன். எனக்கென்ன, குடும்பத்துக்குள் சண்டை வேண்டாமே என்று நினைத்தேன்.

“எடுத்துறாதீங்க தம்பி. அப்படியே அனுப்புங்க. அறுவது பேர் இருக்காங்கள்ல, ஒருத்தராவது கேப்பாங்க. அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்க.”

அனுப்பினேன். எண்பத்து மூன்று நிமிட ஃபைல். ஒன்பதாவது நிமிடத்தில் முதல் பாராட்டு வந்தது. இருபது நிமிடத்துக்குள் பதினேழு பேர் பைரவியில் கரைந்துபோனார்கள். இரண்டாம் பக்கத்து மிருதங்கத்தின் கும்காரத்தைப் பற்றி ஒருவர் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். சூடாமணியம்மா அன்று மாலை போன் செய்து, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். மறுநாளும் கேட்டார். இன்னும் யாரும் கேட்கவில்லை என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. எல்லாருமே கேட்டுவிட்டதாக எழுதியிருக்கிறார்களே.

பாராட்டு தாங்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்பது என்று ராதாகிருஷ்ணன் முடிவு செய்தார். சிம்மக்கல்லிலேயே ஒரு சின்ன ஹால். ஸ்பீக்கர் என்னுடையது. நாற்பது பேர் வந்தார்கள். சூடாமணியம்மா பின் வரிசையில் புதுச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தார்.

தோடி ஓடிய நேரம் முழுக்க எல்லாரும் தோடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் கேட்க முடியவில்லை. இரண்டாம் பக்கம் ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். பெண் குரல். ஹால் முழுக்கத் தெளிவாக, ஏமாற இடமில்லாமல் பெண் குரல்.

அதுவரை முழுக்கக் கேட்டு அழுதவர்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முன்பே கேட்டிருந்தால் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் இப்போது ஆச்சரியப்படவும் முடியவில்லை. இந்தச் சங்கடத்திலிருந்து அவர்களைக் காப்பாற்ற எழுந்தவர் சூரியபிரகாஷ். காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர், குழுவில் சுருதி விவகாரங்களுக்கு அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

“ஸ்பீடு தப்பு” என்றார். “கேசட்ட வேகமா ஓடவிட்டு ஏத்தியிருக்காங்க. அதான் குரல் பொம்பளக் குரலாக் கேக்குது. எனக்கு அன்னைக்கே ஒரு சந்தேகம்.”

எல்லாருக்கும் அன்றைக்கே ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. நாற்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் சூடாமணியம்மாவைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

சூரியபிரகாஷ் லேப்டாப்பை எடுத்து வேகத்தில் கால்வாசியைக் குறைத்தார். ஐந்து கட்டையில் பாடிய குரல் இரண்டு கட்டைக்கு இறங்கியது. பாகவதரின் சுருதியும் இரண்டு கட்டை. கணக்கு அச்சாகப் பொருந்திவிட்டது. ஒரு பெண்ணின் குரலை ஆண் குரலாகும் வரை அமுக்கிப் பிடித்துவிட்டு, ‘இதுதான் பாகவதர்’ என்று ஹாலே பெருமூச்சு விட்டது. வயலினும் மிருதங்கமும் எங்கே என்று யாரோ கேட்டதற்கு, அந்தக் காலத்தில் ஒரே மைக்தான் என்று பதில் வந்தது. குக்கர் விசில் கல்யாண வீட்டுப் பக்கம் போன ரயிலாகிவிட்டது. ராதாகிருஷ்ணன் கண்களைத் துடைத்துக்கொண்டார். நாற்பது வருஷம் கூடக் குடித்தனம் செய்த குரல் அது. எனக்கு வந்த கோபத்தில் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிடலாமா என்றிருந்தது.

முடிகிற இடம் வந்தது. கரகரத்த, இழுவையான ஆண் குரல் ஒன்று பாட்டை நிறுத்திவிட்டு, சுத்தமான சௌராஷ்டிர பாஷையில் வித்யாஸ்ரீயைக் கூப்பிட்டு அடுப்பை அணைக்கச் சொன்னது. பாஷை தெரிந்தவர்கள் பத்துப் பேராவது ஹாலில் இருந்தார்கள். வேம்பனூர் பாகவதர் எதற்காக ராதாகிருஷ்ணனின் மகளிடம் அடுப்பை அணைக்கச் சொல்ல வேண்டும் என்பதற்கு சூரியபிரகாஷின் பிசிக்ஸிலும் பதில் இல்லை.

ராதாகிருஷ்ணன் மெதுவாகப் பின் வரிசைக்குத் திரும்பினார்.

“நீயா என் டேப்ப அழிச்ச?”

சூடாமணியம்மா எழுந்து நின்றார். வீட்டில் பேசும் பாஷையில் பேசவில்லை. எல்லாருக்கும் புரியும்படி தமிழில் சொன்னார்.

“தொண்ணூத்தி நாலுல அழிச்சேன். அதுக்கப்புறமும் வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம கேட்டேன்னு எழுதிக்கிட்டு இருந்தீங்களே, என்ன கேட்டீங்க?”

ராதாகிருஷ்ணனுக்காகப் பதில் சொல்ல யாரும் முன்வரவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி தன் பக்கம் வரும் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. காபி ஆறுகிறது என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார், எல்லாரும் நன்றியோடு எழுந்து போனார்கள். காபி கையில் வந்ததும் ஞானமும் திரும்பி வந்துவிட்டது. மேல் ஸ்தாயியில் ஒரு தடுமாற்றம் தெரிந்ததாக ஒருவர் சொன்னார். பாகவதராக இருந்தபோது அந்த இடத்துக்குத்தான் அவர் ‘ஆகா’ என்றிருந்தார். குடும்பப் பெண் பாடியதற்குப் பரவாயில்லை என்றார் சூரியபிரகாஷ். சூடாமணியம்மாவிடம் நேரே போய் ஒரு வார்த்தை சொன்னவர் ஒருத்தருமில்லை. நான் போய், நல்லா இருந்துச்சும்மா என்றேன். அவர் சிரித்தார். ஆனால் அவர் பார்வை, காபி டம்ளரோடு சுவரைப் பார்த்து நின்ற கணவர் மேல்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ராதாகிருஷ்ணன் தனியாகக் கடைக்கு வந்தார். பட்டுத் துணியைப் பிரித்துக் கேசட்டை மேஜைமேல் வைத்தார். முகம் வாடியிருந்தது. அவள் பாடியதற்கு அடியில் பழைய பதிவு கொஞ்சமாவது மிச்சமிருக்கும் இல்லையா, அதை எப்படியாவது எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். மேலே பதிந்தால் அடியில் உள்ளது போனதுதான், எந்த மெஷினாலும் எடுக்க முடியாது என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த முறை நிஜத் தண்ணீர். தான் ஒருநாளும் கேட்காத பைரவிக்காக ஒரு மனுஷன் அப்படி அழுவதை நான் பார்த்ததில்லை.

பாவமாகத்தான் இருந்தது. சரியான வேகத்தில் அந்த அம்மாவின் பாட்டைப் போட்டு, ஹெட்போனை எடுத்து நீட்டினேன்.

“போனது போகட்டும் சார். இது நல்லாருக்கு, உக்காந்து ஒருக்க முழுசாக் கேளுங்க. முப்பத்தெட்டு நிமிசந்தான்.”

அவர் ஹெட்போனைக் கையில் வாங்கினார். காதுவரை கொண்டுபோனார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றே கால்.

“இன்னொரு நாள் கேக்குறேன் தம்பி” என்று ஹெட்போனை மேஜைமேல் வைத்தார். “சூடாமணி வீட்டுல சாப்பிடாமக் காத்துக்கிட்டு இருப்பா.”