ஓங்கில் அறிக்கையில் நான் விட்ட வரி

1.

இந்தக் கதை என் சோம்பலில் பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. உண்மை அதைவிட மோசம். ஒரே ஒரு வரியை வேண்டுமென்றே விட்டேன். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதல் தொடக்கம்: ‘கோவளம் கடற்கரையில் அன்று அலைகள்...’ வேண்டாம். அலைகள் ஒரு தப்பும் செய்யவில்லை.

இரண்டாவது: ‘ஜான்சன் நல்லவன்.’ இது இருக்கட்டும்.

2.

ஜான்சன் கோவளத்து மீனவன். போன மாதம் அங்கே ஓர் ஓங்கில் கரையொதுங்கியது. டால்ஃபின் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். உயிர் இருந்தது. ஜான்சனும் இன்னும் நாலு பேரும் மார்பளவு தண்ணீர் வரை தூக்கிப்போய் விட்டார்கள். திரும்பி வந்தது. மறுபடி விட்டார்கள். மறுபடி வந்தது. மூன்றாம் முறை கயிறு கட்டிப் படகில் ஆழத்துக்கே இழுத்துப் போனார்கள். மறுநாள் பிணமாக வந்தது.

கரைக்கு வந்த ஓங்கிலைக் கடலுக்கு அனுப்புவது அங்கே எல்லோரும் செய்வதுதான். புண்ணியம் என்றே நினைக்கிறார்கள்.

3.

அறுத்துப் பார்த்தவர் ஷபானா. கால்நடை மருத்துவர், ஊரப்பாக்கத்தில் எங்கள் மேல்மாடியில் குடியிருக்கிறார். அறிக்கையைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் மீன் ஏலக் கொட்டகையில் ஒட்டலாம் என்று என்னிடம் கொடுத்தார். போட்டோக்களையும் காட்டினார்.

நுரையீரல் முழுக்க நூல்நூலாகப் புழு. (இங்கே ஓர் உவமை எழுதி அடித்துவிட்டேன். சேமியா பாவம்.)

“புழுவ விடுங்க சார். சுத்தி இருக்கறதப் பாருங்க. வெள்ளணுக்கள் கூட்டமா வந்து ஒவ்வொரு புழுவையும் வளைச்சிருக்கு. கொல்ல முடியலன்னா அதச் சுத்தி உடம்பு சுவர் கட்டிடும். நாளாக ஆகச் சுண்ணாம்பா இறுகிடும். இது ரொம்ப நாளா போராடியிருக்கு.”

“அப்புறம் ஏன் செத்தது?”

“சுவர் கட்டிக் கட்டியே மூச்சுக்கு இடமில்லாமப் போச்சு. மேல வந்து மூச்சு விடத் தெம்பில்ல. அதான் கரையத் தேடி வந்திருக்கும்னு நினைக்கிறேன். தரை தட்டிட்டா மூழ்காதில்ல?”

“அப்படின்னா ஜான்சன் தள்ளினது...”

“ஆமா. அத மறக்காம எழுதுங்க. தள்ளக் கூடாது. எங்களுக்கு போன் பண்ணிட்டு, மூச்சுத்துளையில தண்ணி போகாமப் பாத்துக்கணும்.”

[அடிக்குறிப்பு: புழுவைச் சுவர் கட்டி அடைக்கும் வித்தை நம் உடம்புக்கும் தெரியும். அந்த வகையில் ஓங்கில் நமக்கு உறவு.]

4.

அன்று சாயங்காலம் ஜான்சன் போன் செய்தான். அறிக்கை எழுதுவது நான்தான் என்று நம்பர் கொடுத்தது ஷபானா.

“அண்ணாத்த, ரெண்டு நாளா சோறு எறங்கல. வுட வுட என் மூஞ்சியப் பாத்துக்கினே திரும்பி வந்துச்சு. என்னாலதான் செத்துச்சா? டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?”

“புழுவால செத்துச்சுப்பா. நீ செஞ்சது சரிதான்.”

வைத்தவுடன், தள்ள வேண்டாம் என்ற வரியை அழித்தேன். மனுஷன் சாப்பிடட்டும் என்றுதான். என்னை நம்பிய ஷபானா படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கொட்டகையில் ஒட்டியாயிற்று.

5.

முடிவு ஒன்று: ஜான்சனிடம் உண்மையைச் சொல்கிறேன். அவன் என்னை மன்னித்து... (எனக்கு நானே மன்னிப்பு எழுதிக்கொள்வது வெட்கக்கேடு.)

முடிவு இரண்டு: இனி ஓங்கில் எதுவும் கரைக்கு வருவதில்லை. நேற்று வரை இதைத்தான் வைத்திருந்தேன்.

இன்று காலை, மேலே உள்ள வரியைத் தட்டிக்கொண்டிருந்தபோது, ஜான்சனிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் வந்தது. பின்னால் படகு மோட்டார் சத்தம். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

“அண்ணாத்த, இன்னொன்னு வந்துகீது! ரெண்டு வாட்டி வுட்டாச்சு. நீ சரின்னு சொன்னதால தெகிரியமா செய்றேன். கயிறு கட்டிகினு கீறோம். இந்த வாட்டி நல்லா உள்ளார இழுத்துனு போயி வுட்டுர்றோம்.”

மூன்று முறை அழைத்துவிட்டேன், எடுக்கவில்லை. கதையை இங்கேயே போட்டுவிட்டு ஷபானாவின் கதவைத் தட்ட ஓடுகிறேன். முடிவு என் கையில் இல்லை. நீங்கள் கோவளம் பக்கம் இருந்தால் கரைக்கு ஓடுங்கள். நான் அழித்ததை எழுதிக் காட்ட நேரமில்லை, கத்தினால் போதும்: தள்ளாதீங்க.