புளி போட்டுத் தேய்த்த பதினோரு காசு

புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் செம்பு பளபளக்கும். ரஞ்சனா பிரெஞ்சு பேசும் இந்தப் புரோசார்டு ஊருக்கு வந்து முப்பத்தோரு வருஷமாகப் பூஜைச் சாமானை அப்படித்தான் தேய்க்கிறாள். ஒரு செம்பும் கோபித்துக்கொண்டதில்லை. பழைய காசுக்கு மட்டும் புளி ஆகாது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மகள் சஹானாதான் சொன்னாள். அதுவும் எல்லாக் காசையும் தேய்த்துத் துடைத்து, படம் எடுத்து, பெருமையாக டொராண்டோவுக்கு அனுப்பி வைத்த பிறகு.

"ஐயோ அம்மா! என்ன பண்ணி வெச்சிருக்க?" என்று போனில் அலறினாள் சஹானா. "பழைய காசக் கழுவவே கூடாதும்மா. அந்தப் பழுப்புக்குத்தான் மதிப்பே. கழுவினத யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. அப்பா பாத்தார்னா..."

"போதும், சொல்லாத" என்றாள் ரஞ்சனா. மணி பன்னிரண்டரை.

கணவர் ஸ்ரீகுமார் நாணயச் சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். நாலு மணிக்கு வந்துவிடுவார். ஐந்து மணிக்குச் சங்கத்தின் செயலாளர் கத்தரின் வந்து இந்தக் காசுகளை மொத்தமாக எடுத்துக்கொண்டு போகப் போகிறாள். விலைக்கு அல்ல, இனாமாக. அந்த இனாமுக்குக் காரணம் ரஞ்சனாவின் வாய்.

ஒன்பது நாளைக்கு முன்னால் ரயில் நிலைய வாசலில், மைனஸ் பதினெட்டில், நாற்பது நிமிஷம் அவள் நின்றாள். அழைத்துப் போக வரவேண்டியவர் வீட்டில் லென்ஸும் கையுமாக உட்கார்ந்திருந்தார். வந்த ஆத்திரத்தில் சொல்லிவிட்டாள்: "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இத அத்தனையும் அள்ளி நீலக் குப்பைத் தொட்டில போட்டுடுவேன், பாத்துக்கோங்க." மறுநாள் அவர் கத்தரினுக்குப் போன் செய்து, காசையெல்லாம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'சாப்பாடு ஆச்சா' என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கேட்டார். மனுஷர் கத்தியிருந்தால் பரவாயில்லை. இந்த மரியாதையை யார் தாங்குவது?

காசுகள் மொத்தம் பன்னிரண்டு. எல்லாம் இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்க ஒரு சென்ட், ஒரு பக்கம் தாடிக்கார லிங்கன், மறுபக்கம் இரண்டு கோதுமைக் கதிர். நாற்பத்து மூன்றில் செம்பெல்லாம் போருக்குப் போய்விட்டதால் காசை எஃகில் அடித்தார்களாம். உலோகப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவருக்கு அது ஆகாது. செம்பு மட்டும்தான் வேண்டும். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து, வருஷத்துக்கு மூன்று அச்சுச்சாலை. காசு கொடுத்து வாங்கக் கூடாது, சில்லறையில் தானாகக் கைக்கு வர வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு சட்டம் வேறு. இதற்கே பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது.

கடைசிவரை அகப்படாமல் போக்குக் காட்டியது நாற்பத்திரண்டு எஸ், அதாவது எஸ் என்ற அச்சுச்சாலை எழுத்துப் போட்டது. எல்லை தாண்டி அமெரிக்கப் பக்கம் பிளாட்ஸ்பர்கில் பெட்ரோல் போட நின்றபோது, கல்லாப் பக்கத்துச் சில்லறைத் தட்டிலிருந்து அதைப் பொறுக்கி, "இதுவா பாருங்க" என்று நீட்டியவள் ரஞ்சனாதான். அவர் போட்ட கூச்சலில் கடைக்காரன் பயந்துபோனான்.

இன்று காலை அவர் கிளம்பியதும், காசுகளைப் பள்ளத்தில் பதித்து வைத்திருந்த அட்டைப் புத்தகத்தை எடுத்தாள். போகிற காசு அழுக்காகப் போக வேண்டாம், வருகிறவளும் சிரிக்க வேண்டாம். ஒவ்வொரு பள்ளமாகத் தள்ளி, எண்ணாமல் கிண்ணத்தில் கொட்டி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். தொட்டியில் அலசினாள். இப்போது சஹானா சொன்னதைக் கேட்டு, திரும்ப வைக்கும்போதுதான் தெரிந்தது. பதினோரு காசு, பன்னிரண்டு பள்ளம். காலியாக இருந்த பள்ளத்தின் கீழே '1942 S' என்று அச்சடித்திருந்தது.

தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவினாள். கீழே வாளியை வைத்து, குழாயின் வளைவைக் கழற்றினாள். சாம்பல் நிறச் சேறும், போன தீபாவளிக்குத் தொலைந்த தோட்டுத் திருகும் வந்தன. காசு வரவில்லை.

சஹானா மறுபடி கூப்பிட்டாள். "இன்டர்நெட்ல ஒரு வழி போட்டிருக்கும்மா. அவிச்ச முட்டைய நசுக்கி, மூடின டப்பால காசோட வெச்சா மறுபடி கறுக்குமாம்."

"முட்டையா? நம்ம வீட்டுலயா?"

"அப்போ அப்பாகிட்ட நீயே பேசிக்கோ."

முப்பத்தோரு வருஷமாக முட்டை நுழையாத வீடு. ரஞ்சனா பூட்ஸை மாட்டிக்கொண்டு தெரு முனையிலிருந்த டெபனர் பெட்டிக்கடைக்கு ஓடினாள். "பொன்ஜூர் மதாம், பாலா?" என்று கேட்ட பெண்ணிடம் முட்டைப் பெட்டியைக் கை காட்டினாள். ஆறு முட்டையைத் திருட்டுச் சாமான் போலக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு பனியில் வழுக்கி வழுக்கி வந்தாள். எத்தனை நிமிஷம் வேக வேண்டும் என்றுகூட ரஞ்சனாவுக்குத் தெரியாது. இருக்கட்டும் என்று அரைமணி நேரம் கொதிக்கவிட்டாள். இரண்டை நசுக்கி, வெள்ளோட்டமாக ஒரே ஒரு காசை மட்டும் டப்பாவில் போட்டு மூடினாள். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து பார்த்தாள். ஜன்னலுக்குப் போனாள், வந்தாள். மூன்றரைக்கு எடுத்துப் பார்த்தால் லிங்கன் முகமெல்லாம் தேமல்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கதவு திறந்தது.

ஸ்ரீகுமார் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். "என்ன நாத்தம்?"

ரஞ்சனா மூச்சுவிடாமல் கொட்டினாள். புளி, சஹானா, முட்டை, எல்லாம். அவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்து புத்தகத்தைத் திறந்தார். பத்துக் காசு பளபளவென்று இளித்தது. பக்கத்தில் தேமல் விழுந்த ஒன்று. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"கத்தரின் இத எடுத்துக்க மாட்டா."

"தெரியும்."

"ஏன் தேச்ச?"

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. வாயால சொல்ல வரல. அதான் தேச்சேன்." வாளியைக் காட்டினாள். "இன்னொண்ணு. நாப்பத்திரண்டு எஸ் போயிடுச்சுங்க. நான் எடுத்துக் குடுத்தது. குழாயெல்லாம் கழட்டிப் பாத்துட்டேன்."

அவர் வாளியைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். கோட்டின் உள்பையிலிருந்து பர்ஸை எடுத்து, மடித்த காகிதத்தைப் பிரித்தார். உள்ளே அந்தக் காசு, பழுப்பாக, எட்டு வருஷத்துக்கு முன் அவள் நீட்டியபோது இருந்தபடியே இருந்தது.

"இத நேத்தே எடுத்துட்டேன். பதினொண்ணுதான் தருவேன்னு கத்தரின்கிட்டச் சொல்லிட்டேன். இது குடுக்கறதுக்கு என்னோடது இல்ல, ரஞ்சனா."

பேர் சொல்லிவிட்டார், காசையும் அவள் கையில் வைத்துவிட்டார். அவளுக்கு வந்ததே கோபம்!

"பாவி மனுஷா! எடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? மத்தியானம் முழுக்க நான் சாக்கடைய நோண்டிட்டிருந்தேனே!"

அவர் கத்தரினுக்குப் போன் செய்தார். மனைவி கழுவிவிட்டாள், வரவேண்டாம், காசு இங்கேயே இருக்கட்டும் என்று பிரெஞ்சில் சொன்னார். மறுமுனையில் கத்தரின் சிரிப்பது இங்கே வரை கேட்டது. போனை வைத்துவிட்டு, காலிப் பள்ளத்தைக் காட்டிக் கையை நீட்டினார்.

"குடு, உள்ள வெக்கறேன்."

ரஞ்சனா காசை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். கையெல்லாம் முட்டை நாற்றம்.

"தர மாட்டேன்" என்றாள். "என்னோடதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"