இரண்டு முறை இறங்கிய கியர் பாக்ஸ்

கடைசி போல்ட்டும் கழன்றபோது கியர் பாக்ஸின் கனம் மொத்தமும் மைத்துனனின் தோளில் இறங்கியது. பேக்கரியில் மாவு மூட்டை தூக்குகிறவன்தான்; ஆனாலும் ஒரு கணம் விழி பிதுங்கிவிட்டது. கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்திய வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த தையல்காரர், மறுமுனையை முழங்கால்களால் தாங்கிக்கொண்டார். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகிற வண்டி என்பதால் கியர் பாக்ஸின் வாலில் இன்னொரு பெட்டியும் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் அங்குலம் அங்குலமாகப் பழைய டயரின் மேல் இறக்கி வைத்தார்கள்.

"மச்சான், இது ஜாக்கெட் இல்ல, ஞாபகம் இருக்கட்டும்" என்றான் மைத்துனன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை ஏழு மணிக்குத் தையல்காரரின் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும். வாரத்தில் மூன்று நாள் அங்கே இயந்திரத்தில் அவள் ரத்தம் சுத்தமாகிறது. வீட்டிலிருந்து தார்ச்சாலை வரைக்கும் கல்லும் சேறுமான ஏற்றம். மழை பிடித்த இந்த வாரத்தில் வேறு எந்த வண்டியும் அதில் வராது. வெள்ளிக்கிழமை திரும்பும் வழியில் கிளட்ச் கருகி நாறியது. கடைசி மேட்டை எப்படித் தாண்டினோம் என்று அவருக்கே தெரியாது. மெக்கானிக் வியாழக்கிழமைதான் வர முடியும் என்று சொல்லிவிட்டான். முன்பு ஒரே ஒரு முறை தவறியபோது அவள் படுக்கவும் முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சுக்குத் தவித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். புதுக் கிளட்ச் பிளேட் போன மாதமே வாங்கி அலமாரியில் கிடந்தது. தானே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தபோது அவர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. சேற்றில் நடந்தே வந்து சேர்ந்த மைத்துனன் மட்டும் தலையில் அடித்துக்கொண்டான்.

கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் மனைவி வாங்கி, ஓர் அட்டையில் அதனதன் இடத்தில் குத்தி வைத்தாள். ஊசி ஏறும் இடது கையால் அவள் கனம் தூக்கக் கூடாது. அட்டைக்கு அது போதும் என்றாள்.

மூன்று மணிக்குள் புதுப் பிளேட்டை வைத்து எல்லாம் பூட்டியாயிற்று. தையல்காரர் ஏறி உட்கார்ந்து, எஞ்சினை உயிர்ப்பித்து, கிளட்சை மிதித்து கியரைத் தள்ளினார். கறகறவென்று பல் அரைபட்டது. மறுபடி தள்ளினார். உள்ளே போகவில்லை.

எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து தன் கைகள் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நினைத்துப் பார்த்தார். பிளேட்டின் ஒரு பக்கம் தட்டை. மறுபக்கம் ஸ்பிரிங்குகள் புடைத்துப் பளபளவென்று பார்க்க லட்சணமாக இருந்தது. துணியின் நல்ல பக்கங்களை உள்ளே வைத்துத்தானே சேர்த்துத் தைப்பது? முப்பது வருஷப் பழக்கத்தில் கை தன்பாட்டுக்கு அந்த லட்சணமான பக்கத்தை எஞ்சினை நோக்கித் திருப்பிவிட்டிருந்தது. பழையதைக் கழற்றியபோது ஸ்பிரிங் பக்கம் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இறங்கி வந்தார். "பிளேட்டைத் திருப்பி மாட்டிட்டேன். தப்பு என்னோடதுதான். மறுபடி இறக்கணும்."

மைத்துனன் தோளைத் தடவிக்கொண்டான். அக்காவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு தார்ச்சாலைக்குப் போய்விடலாம், இந்தப் பெட்டியைவிட அவள் கனம் குறைவுதான் என்றான்.

"உன் முதுகை நம்பி நான் ஏற மாட்டேன்டா" என்றாள் அவள். பிறகு கணவரைப் பார்த்தாள். "நீங்க பிரிங்க. பிரிச்சுத் தைக்கிறது உங்களுக்கென்ன புதுசா?"

அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தார். மைத்துனன் சட்டையைக் கழற்றி வண்டிக் கதவில் போட்டுவிட்டு அவனும் படுத்தான். இந்த முறை வேடிக்கைப் பேச்சு இல்லை. தூக்கு, நிறுத்து, கொஞ்சம் இடது பக்கம் என்பதோடு சரி. பிளேட்டைச் சரியான பக்கமாக வைத்துப் பூட்டிய பிறகு, கியர் பாக்ஸின் தண்டு அதன் துளையில் ஏற மறுத்து நான்கு முறை வழுக்கி வந்தது. ஐந்தாவது முறை தோளிலும் முழங்காலிலும் இருந்த தெம்பையெல்லாம் கொடுத்துத் தள்ளினார்கள். ஏறியது.

கடைசி போல்ட் இறுகும்போது வெயில் போயிருந்தது. எஞ்சினை ஓட்டிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. வண்டியைக் கட்டைகளிலிருந்து இறக்கி, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு, மனைவியை ஏறி உட்காரச் சொன்னார். எந்தச் செருப்பும் நுழையாதபடி அவள் பாதங்கள் வீங்கியிருந்தன. வெறுங்காலோடு ஏறி, அவர் சொன்னபடி கியரைப் போட்டாள். அவர் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தார். கல்லாக நின்றது. பிளேட் சரியாக உட்கார்ந்திருந்தால், கிளட்சை மிதித்ததும் அது தளர்ந்து சுற்ற வேண்டும்.

"இப்ப கிளட்சை மிதிம்மா. முழுசா."

மேலே அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. அவர் இரு கைகளாலும் டயரைப் பற்றினார். அது நகர்ந்தது. பிறகு ஒரு முழுச் சுற்று சுற்றியது.

"விடட்டுமா?" என்றாள்.

அவர் இன்னொரு சுற்று சுற்றிவிட்டார். டயரின் பள்ளங்களில் காய்ந்திருந்த சேறு துண்டு துண்டாகப் பெயர்ந்து அவர் முழங்கையில் விழுந்துகொண்டிருந்தது. அவள் காலை எடுக்காமலே இருந்தாள்.